ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதுமா?

பழைய ஸ்கூட்டர்களில் ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிறுசிறு சக்கரங்கள் வரிசையாக நின்று, ஒன்று ஒரு முழுச் சுற்று முடித்ததும் அடுத்ததை ஓர் எண் தள்ளிவிடும். ஐந்து சக்கரங்கள் உள்ள கருவி 99999 என்று காட்டும்போது வண்டி இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடினால் என்ன ஆகும்? எல்லாச் சக்கரங்களும் புரண்டு 00000 ஆகிவிடும். எந்த எண்ணுடன் 1-ஐக் கூட்டினால் 0 வரும் என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் −1 என்று சொல்லும். அப்படியானால் அந்தக் கருவியைப் பொறுத்தவரை 99999 என்பதும் −1 என்பதும் ஒன்றுதான்! சக்கரங்கள் ஐந்தோடு நிற்காமல் இடப்பக்கம் முடிவின்றி நீண்டுகொண்டே போனால், இந்த விளையாட்டு உண்மையான கணிதமாகிவிடுகிறது.

அதைக் கணிதமாக்கியவர் குர்ட் ஹென்செல் என்னும் ஜெர்மானியர். 1897-இல் அவர் புதியதோர் எண் உலகை அறிமுகம் செய்தார். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரை முழுவதும் நாம் 5-ஐ எடுத்துக்கொள்வோம். 5-இன் எத்தனை உயர்ந்த அடுக்கால் ஓர் எண் வகுபடுகிறதோ அத்தனை சிறியது அந்த எண் என்று கொள்க. ஆகவே 25 என்பது 5-ஐ விடச் சிறியது. 625 இன்னும் சிறியது. விந்தையாக இருக்கிறதல்லவா? ஆனால் இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் 1 + 5 + 25 + 125 + ... என்ற தொடருக்கு ஒழுங்கான கூட்டுத்தொகை உண்டு. அதை ‘தொ’ என்று வைத்தால், தொ = 1 + 5 தொ; ஆகவே தொ = −1/4. சாதாரண எண்கணிதத்தில் இது பிழை. ஹென்செலின் உலகில் இது சரி. இந்த எண்கள் 5-ஆடிக் எண்கள் எனப்படும். எந்தப் பகா எண்ணுக்கும் இப்படியோர் உலகம் உண்டு. பொதுவாக இவற்றைப் பி-ஆடிக் எண்கள் என்பர்.

புதிய கருவி கிடைத்த உற்சாகத்தில் ஹென்செல் ஒருமுறை சறுக்கியும் விழுந்தார். 1905-இல், e என்னும் எண் எந்த இயற்கணிதச் சமன்பாட்டுக்கும் தீர்வாகாது என்பதைத் தம் எண்களைக் கொண்டு எளிதாக நிறுவிவிட்டதாக அறிவித்தார். முடிவு உண்மைதான், நிறுவிய வழி பிழை. இதனால் பலர் அவருடைய எண்களை ஒரு வேடிக்கைப் பொருளாகவே எண்ணியிருந்தனர். 1920-இல் ஹெல்முட் ஹாசே என்னும் இளைஞர் கோட்டிங்கன் நகரத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஹென்செலின் நூலைக் கண்டெடுத்தார். படித்தவர், அந்தப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு ஹென்செல் இருந்த மார்பர்க் நகருக்கே போய்விட்டார்! ஒருவகைச் சமன்பாட்டுக்கு விகிதமுறு எண்களில் தீர்வு உண்டா என்பதை, மெய்யெண்களிலும் ஒவ்வொரு பி-ஆடிக் உலகிலும் தனித்தனியே தீர்வு உண்டா என்று பார்த்தே சொல்லிவிடலாம் என அவர் காட்டிய பிறகு, பி-ஆடிக் எண்களை யாரும் வேடிக்கையாகக் கருதவில்லை.

இனி இரண்டாவது இழைக்கு வருவோம். சதுரம் ஒன்றைச் சுழற்றியும் புரட்டியும் அதே இடத்தில் பொருத்தும் வழிகள் 8. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டைச் செய்தாலும் கிடைப்பது அந்த எட்டில் ஒன்றே. இப்படிப்பட்ட தொகுதியைக் கணிதத்தில் ‘குலம்’ என்கிறோம். குலத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பதிலாக ஓர் அணியை நிறுத்தி, உறுப்புகளின் பெருக்கலை அணிகளின் பெருக்கல் அப்படியே பின்பற்றும்படி செய்தால் அது அந்தக் குலத்தின் ஒரு பிரதிநிதித்துவம். தேர்தலில் நாம் கேட்டுப் பழகிய சொல்தான். இங்கே உறுப்பினருக்குப் பதில் அணி பேசுகிறது, அவ்வளவே. இதற்கு மேல் பிரிக்க முடியாத பிரதிநிதித்துவங்களே இத்துறையின் அணுக்கள்.

1896-இல் டெடிகிண்ட் எழுதிய ஒரு கடிதம் தூண்டுகோலாக அமைய, பெர்லினில் இருந்த புரோபீனியஸ் இத்துறையைத் தொடங்கிவைத்தார். அவர் கண்ட விதி ஒன்று: முடிவுள்ள குலமானால், அதன் அணுக்களின் பரிமாணங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் குலத்தின் உறுப்பு எண்ணிக்கை வரும். நமக்கு வேண்டிய உதாரணத்தையே பார்ப்போம். 5-ஆல் வகுத்த மீதிகளான 0, 1, 2, 3, 4 ஆகியவற்றை மட்டும் கொண்டு எழுதப்படும், நேர்மாறு உள்ள 2×2 அணிகள் மொத்தம் 480. இந்தக் குலத்தின் அணுக்கள்: 1 பரிமாணம் உள்ளவை 4, 5 பரிமாணம் உள்ளவை 4, 6 பரிமாணம் உள்ளவை 6, 4 பரிமாணம் உள்ளவை 10. கூட்டிப் பாருங்கள்: 4 + 100 + 216 + 160 = 480. கடைசியாகச் சொன்ன பத்து 4-பரிமாண அணுக்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் நடுவில் அவை திரும்பி வரும்.

480 உறுப்புகள் உள்ள குலத்தை இப்படி அலசிவிடலாம். அந்த ஐந்து மீதிகளுக்குப் பதிலாக 5-ஆடிக் எண்கள் முழுவதையும் அணிகளில் இட அனுமதித்தால்? குலம் முடிவற்றதாகிறது. அதன் அணுக்களும், சிலவற்றைத் தவிர, முடிவிலாப் பரிமாணம் உடையவை. இந்தப் பூதத்தை எங்கே பிடிப்பது?

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் அடுக்களை அறிந்த வழி. கணிதரும் அதையே செய்தனர். பெரிய குலத்துக்குள் அடங்கிய, கைக்குள் பிடிபடும் சிறிய குலம் ஒன்றைத் தேர்ந்துகொள்வது; பெரிய குலத்தின் பிரதிநிதித்துவத்தில் அந்தச் சிறிய குலத்தின் செயலை மட்டும் பார்ப்பது. சிறிய குலம் ‘கச்சிதமானது’ என்றால், அதன் அணுக்கள் அனைத்தும் முடிவுள்ள பரிமாணம் உடையவை. முடிவிலாப் பூதம் சிறுசிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். ஆனால் ஒரு சோறு பானை முழுவதையும் சொல்லிவிடுமா? இதுதான் நம் கேள்வி.

இந்த வழியை மெய்யெண் குலங்களில் உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் ஓர் இந்தியர். 1923-இல் கான்பூரில் பிறந்த ஹரிஷ்-சந்திரா அலகாபாத்தில் இயற்பியல் படித்தார். அங்கே பேராசிரியராக இருந்தவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1943-இல் பெங்களூர் சென்று ஹோமி பாபாவிடம் ஆராய்ச்சி செய்து, பின்னர் கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் போய்ச் சேர்ந்தார். இயற்பியலில் தொடங்கியவர் குலங்களின் பிரதிநிதித்துவங்களில் மூழ்கிக் கணிதராகவே மாறிவிட்டார். மெய்யெண் குலத்தின் அணுவைக் கச்சிதமான உட்குலத்துக்குச் சுருக்கும்போது, எந்த ஒரு துண்டும் முடிவுள்ள தடவைகளே தலைகாட்டும் என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். மெய்யெண்ணுக்கு உள்ளது பி-ஆடிக் எண்ணுக்கும் இருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பிற்காலத்தில் அவரே அந்தப் பக்கம் திரும்பினார்.

பி-ஆடிக் உலகில் சிறிய குலத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நம் பெரிய குலத்தில், எல்லா உறுப்புகளும் 5-ஆடிக் முழு எண்களாக இருந்து, அணிக்கோவை 5-ஆல் வகுபடாத அணிகளை மட்டும் திரட்டுங்கள். இதை ‘அகக் குலம்’ என்போம் (இது நம் வசதிக்கு வைத்த பெயர்). இது கச்சிதமானது. அதோடு ‘திறந்தது’ம் கூட, அதாவது இதன் அணி ஒன்றைச் சற்றே அசைத்தால், 5-இன் மடங்குகளை அதனுடன் கூட்டினால், அது அகக் குலத்தை விட்டு வெளியேறாது. மெய்யெண்களில் இப்படி நடப்பதில்லை. சுழற்சி அணி ஒன்றை எவ்வளவு சிறிதாக அசைத்தாலும் அது சுழற்சியாக இல்லாமல் போய்விடலாம். மெய்யெண் உலகில் கச்சிதமான உட்குலம் பானையின் மேல் ஒட்டிய மெல்லிய ஏடு. பி-ஆடிக் உலகில் அது உண்மையிலேயே ஒரு பருக்கை, கனம் உள்ளது. மேலும் அகக் குலத்தின் அணிகளை 5-ஆல் வகுத்து மீதி பார்த்தால் முன்பு கண்ட 480 அணிகள் வருகின்றன. 25-ஆல் வகுத்தால் 3,00,000. படிப்படியாக இறங்கும் முடிவுள்ள குலங்களின் மாடி வீடு அது.

பெரிய குலத்துக்கு ஒரு படமும் உண்டு. மரம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஆறு கிளைகள்; வளையங்கள் கிடையாது; முடிவும் கிடையாது. நடுக்கணு 1, ஓர் அடி தள்ளி 6 கணுக்கள், இரண்டு அடி தள்ளி 30, மூன்று அடியில் 150, பிறகு 750. பெரிய குலம் இந்த மரம் முழுவதையும் நகர்த்துகிறது. அகக் குலமோ நடுக்கணுவை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றவற்றைச் சுழற்றுகிறது. இனி, திசையிலி அணிகள் எதையும் மாற்றாத அணுக்களை மட்டும் பார்ப்போம்; கணக்கு எளிதாகும்.

முதல் வகை அணு, மரத்தின் எல்லையற்ற நுனிகளின் மேல் எழுதிய சார்புகளால் ஆனது. முதல் சில அடிகளை மட்டுமே சார்ந்த சார்புகளை எண்ணிப் பாருங்கள். நடுவில் 1. முதல் அடியில் 6. அதில் பழைய 1 போகப் புதியது 5. இரண்டாம் அடியில் 30. பழைய 6 போக 24. அடுத்து 150 − 30 = 120; அதன் பின் 750 − 150 = 600. ஆகவே அகக் குலத்துக்குச் சுருக்கும்போது இந்த அணு 1, 5, 24, 120, 600, ... என்ற பரிமாணங்கள் உள்ள துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டும் மேலும் பிரியாதது. ஸ்டைன்பெர்க் பெயரால் வழங்கும் இரண்டாம் வகை அணுவில் அந்த 1 மட்டும் இல்லை: 5, 24, 120, 600, ...

மூன்றாம் வகைதான் சுவையானது. இதற்கு வழி கண்டவர்களில் முன்னோடி, 1958-இல் பி-ஆடிக் குலங்களின் பிரதிநிதித்துவங்களை ஆராயத் தொடங்கிய மௌட்னர். சோற்றைப் பார்த்துப் பானையை அறிவது ஒரு வழி. சோற்றைக் கொண்டே பானையை நிரப்பினால் என்ன? மேலே நினைவில் வைக்கச் சொன்ன பத்து 4-பரிமாண அணுக்களில், திசையிலி அணிகளால் மாறாதவை இரண்டு. அவற்றுள் ஒன்றை எடுத்து நடுக்கணுவில் வையுங்கள். அதன் படியை மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் வையுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் பெரிய குலத்தின் ஒரு பிரதிநிதித்துவம் கிடைக்கும்; அது பிரிக்க முடியாத அணுவும் ஆகும்! 1964-இல் மௌட்னரும், 1966-இல் அவருடைய மாணவர் ஷாலிகாவும் இவ்வாறு அகக் குலங்களிலிருந்து அணுக்களைக் கட்டிக் காட்டினர். இப்படிப்பட்ட அணுக்களுக்கு ‘சூப்பர்கஸ்பிடல்’ என்று பெயர். மற்ற முறைகளால் சிறிய அணிகளிலிருந்து இவற்றைப் பெற முடியாது; அதனால்தான் இவை பொன் போல மதிக்கப்படுகின்றன.

இப்போது இதை அகக் குலத்துக்குச் சுருக்கிப் பார்ப்போம். நடுக்கணுவில் 4. முதல் அடியில் 6 × 4 = 24. இரண்டாம் அடியில் 30 × 4 = 120. மூன்றாம் அடியில் 150 × 4 = 600. கவனித்தீர்களா? நுனிகளின் மேல் எழுதிய சார்புகளிலிருந்து வந்த அதே 24, 120, 600! பிறப்பால் எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு அணுக்கள். ஒன்றின் கணக்கு கழித்தலால் வந்தது, மற்றொன்றின் கணக்கு பெருக்கலால் வந்தது. எனக்கு இந்தக் கணக்கைக் காகிதத்தில் முதன்முதலாகப் போட்டபோது எங்கோ தவறிவிட்டோம் என்றுதான் தோன்றியது. தவறு இல்லை. எண்கள் மட்டுமல்ல, அந்தத் துண்டுகளே ஒன்றுதான்.

இதைப் பொது விதியாக 1973-இல் நிறுவினார் காசல்மன். 2×2 அணிகளின் பெரிய குலத்தில், முடிவிலாப் பரிமாணம் உள்ள எந்த அணுவை எடுத்தாலும், அகக் குலத்துக்குச் சுருக்கும்போது முதலில் முடிவுள்ள ஒரு ‘தலை’ வரும். அதன் பின்னர் முடிவற்ற ‘வால்’. வாலை முடிவு செய்வது திசையிலி அணிகளின் செயல் மட்டுமே; அணுவின் மற்ற குணங்கள் அதில் தெரியவே தெரியா. ஆளை அறிய வேண்டுமானால் தலையைத்தான் பார்க்க வேண்டும். 1 + 5 என்பது ஒரு தலை; 5 மட்டும் என்பது வேறு தலை; 4 என்பது இன்னொன்று. நாம் கண்ட இரண்டு 4-பரிமாண அணுக்களும் தம்முள் வேறானவை. ஆகவே அவற்றிலிருந்து பிறந்த இரு பெரிய அணுக்களையும் தலையைக் கொண்டே இனம் பிரித்துவிடலாம்.

2×2 அணிகளைத் தாண்டினால் இத்தனை தெளிவு இல்லை. அங்கே முதலில் வேண்டியிருந்தது ஓர் உத்தரவாதம்: கச்சிதமான திறந்த உட்குலம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், எந்த அணுவிலும் அது அசைக்காமல் விடும் பகுதி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டாது என்ற உத்தரவாதம். எல்லா அணுக்களுக்கும் பொதுவான ஒரே அளவு! 1974-இல் சோவியத் நாட்டு இளைஞர் பெர்ன்ஷ்டைன் மிகச் சிறிய கட்டுரை ஒன்றில் இதை நிறுவினார். ‘எல்லாப் பி-ஆடிக் குலங்களும் சாதுவானவை’ என்ற பொருள் தரும் தலைப்பு அக்கட்டுரைக்கு. பூதம் என்று நாம் அஞ்சியது சாதுவாகிவிட்டது.

சரி, ஒரு சோறு எப்போது ஏமாற்றும்? இதற்கு விடை நம் இராமானுசனிடம் இருக்கிறது. 1916-இல் அவர் ஆராய்ந்த ‘டௌ’ சார்பை அறிந்திருப்பீர்கள். டௌ(2) = −24, டௌ(3) = 252, டௌ(5) = 4830. பிற்காலக் கணிதத்தின் பார்வையில், இந்தச் சார்பு ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு பி-ஆடிக் குலத்தின் அணுவைத் தருகிறது. 5-க்கு வரும் அணு, மேலே சொன்ன முதல் வகையைச் சேர்ந்தது. அதை அகக் குலத்துக்குச் சுருக்கினால் 1, 5, 24, 120, ... டௌ(5) = 4830 என்பதற்குப் பதில் அங்கே வேறோர் எண் இருந்திருந்தாலும் இதே 1, 5, 24, 120 தான்! முதல் வகை அணுக்கள் எண்ணற்றவை. அகக் குலத்தின் கண்ணுக்கு அவை அத்தனையும் ஒரே முகம். இராமானுசன் எந்த எண்ணுக்காக இரவும் பகலும் கணக்கிட்டாரோ அந்த எண், சுருக்கும்போது சல்லடையில் தண்ணீராக ஒழுகிவிடுகிறது. அது எவ்வளவு பெரிதாகலாம் என்று அவர் செய்த ஊகத்தை 1974-இல் டெலீன் முற்றிலும் வேறு வழியில்தான் நிறுவினார்.

சூப்பர்கஸ்பிடல் அணுக்களோ ஏமாற்றுவதில்லை. அவற்றைத் தேடும் வேலை அடுத்த நாற்பது ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. 2×2 அணிகளுக்கு எல்லாச் சூப்பர்கஸ்பிடல் அணுக்களும், திசையிலி அணிகளை நீக்கிப் பார்த்தால் கச்சிதமாகும் திறந்த உட்குலங்களிலிருந்தே பிறக்கின்றன என்று 1978-இல் குட்ஸ்கோ காட்டினார். எந்த அளவு அணிகளுக்கும் அதைச் செய்து முடித்த பெரிய நூல் ஒன்றைப் புஷ்னெலும் அவரும் 1993-இல் வெளியிட்டனர். அந்த அணிக் குலங்களில், ஒவ்வொரு சூப்பர்கஸ்பிடல் அணுவின் தலையிலும் அதற்கே உரிய அடையாளத் துண்டு ஒன்றே ஒன்று உண்டு, அதுவும் ஒரே ஒரு முறைதான் வரும் என்பதை 2×2 அணிகளுக்கு ஹென்னியார் 2002-இலும், எல்லா அளவுக்கும் பாஷ்குனாஸ் 2005-இலும் நிறுவினர். இங்கே ‘ஒரு சோறு பதம்’ என்பது சொல்லுக்குச் சொல் உண்மை.

அணிக் குலங்களை விட்டு மற்ற குலங்களுக்கு வரும்போது பாதை கரடுமுரடானது. 1994-இல் மோய் என்பவரும் இந்தியரான கோபால் பிரசாத்தும், எந்த அணுவுக்கும் ‘ஆழம்’ என்றோர் எண்ணைக் கொடுத்து, எத்தனை மாடி இறங்கினால் முதல் அடையாளம் தென்படும் என்று அளக்க வழி செய்தனர். அதன் மேல் நின்று 2001-இல் யூ என்பவர், மிகப் பரந்த வகைக் குலங்களுக்குச் சூப்பர்கஸ்பிடல் அணுக்களைக் கட்டும் முறையை வெளியிட்டார். பகா எண் மிகப் பெரிதானால் இம்முறையில் ஒன்றும் விடுபடுவதில்லை என்று 2007-இல் ஜூ-லீ கிம் நிறுவினார். உலகெங்கும் பலர் இவற்றை நம்பித் தங்கள் முடிவுகளை அடுக்கினர்.

பல ஆண்டுகள் சென்றன. ஜெசிகா ஃபின்ட்சன் என்னும் இளம் ஜெர்மானியக் கணிதர் யூவின் நிறுவலை வரிவரியாகப் படித்துவந்தபோது ஓரிடத்தில் நின்றார். அங்கே பயன்பட்ட கூற்று ஒன்று, அதற்கும் முந்தைய வேறொருவரின் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கட்டுரையில் அச்சுப்பிழை! பிழையோடு அச்சான வாக்கியத்தை அப்படியே எடுத்து நிறுவல் நடந்திருந்தது. யூவின் கட்டுரையில் இருந்த இரண்டு துணை முடிவுகள் பொய்யாகும் உதாரணத்தையே ஃபின்ட்சன் காட்டினார். கட்டடம் முழுவதும் சரிந்திருக்க வேண்டும், சரியவில்லை. கட்டப்பட்ட அணுக்கள் உண்மையிலேயே சூப்பர்கஸ்பிடல்தான் என்பதற்கு, அந்தப் பிழையான படியில் கால் வைக்காத வேறொரு நிறுவலை அவரே கொடுத்தார். அது 2021-இல் வெளியானது. ஹென்செலுக்கு நேர்ந்தது போலவே இங்கும் முடிவு சரி, வழிதான் பிழை. ஆனால் இங்கே சரியான வழியும் சேர்ந்தே கிடைத்துவிட்டது.

அதே ஆண்டில் ஃபின்ட்சன் கிம்மின் முடிவையும் வெகுதூரம் விரித்தார். ‘மிகப் பெரிய பகா எண்’ வேண்டியதில்லை. குலத்துக்குரிய வைல் குலம் என்னும் முடிவுள்ள குலத்தின் உறுப்பு எண்ணிக்கையை வகுக்காத பகா எண்ணாக இருந்தால் போதும். மிகச் சிக்கலான குலங்களில் ஒன்றான ஈ-8 என்பதற்கு அந்த எண்ணிக்கை 69,67,29,600. இதை வகுக்கும் பகா எண்கள் 2, 3, 5, 7 மட்டும். ஆகவே 11 முதல் மேலே உள்ள எல்லாப் பகா எண்களுக்கும் ஈ-8-இன் சூப்பர்கஸ்பிடல் அணுக்கள் அனைத்தும் கைக்கு வந்துவிட்டன. 2-க்கும் 3-க்கும் 7-க்கும், நாம் எளிதென்று எண்ணி எடுத்துக்கொண்ட 5-க்கும், முழுப் பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை.